மல்லாந்து படுக்காதீர்கள்

மார்ச் 3

மகளின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். வந்ததிலிருந்து அதுதான் நடக்கிறது. கடிதத்தில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

அக்கா வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கீழே அவளுடைய தையல் கடை, மேலே ஓர் அறை. பள்ளிச் சீருடைத் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. நான் வந்தது அவளுக்கு நல்லதாகப் போயிற்று. எத்தனை நாள் இருப்பாய் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். தப்பாக இருந்தால் திருத்துங்கள். உங்கள் கம்பெனியில் ஓர் ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து பேருந்தைப் பள்ளத்தில் இறக்கினார். அதன் பிறகு எல்லா ஓட்டுநர் போனிலும் அந்தத் தூக்க ஆப்பைப் போட்டார்கள். தலையணைக்குக் கீழே போனை வைத்துப் படுக்க வேண்டும். எழுந்ததும் அது மார்க் போடும். எழுபதுக்குக் குறைந்தால் வண்டி கிடையாது. உங்களுக்கு ஒருநாளும் எழுபது வரவில்லை. ஷெட்டில் வண்டி கழுவ விட்டார்கள். "அந்தச் சனியனுக்கு என்மேல என்னமோ பகை" என்றீர்கள். ஒரு ராத்திரி என்னிடம் சொல்லாமல் போனை என் தலையணைக்கடியில் செருகிவிட்டீர்கள். இவள் அடித்துப் போட்டது போல் தூங்குவாள், அந்தத் தூக்கத்தைக் காட்டி வண்டி ஏறிவிடலாம் என்று நினைப்பு. காலையில் பார்த்தால் என் மார்க் உங்களுடையதைவிடக் கேவலம்.

கட்டினவள் தூங்கவில்லை என்று தெரிந்தால் ஒரு மனிதன் என்ன கேட்பான்? உடம்புக்கு என்ன என்று கேட்பான். நீங்கள் கேட்டது: "ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு யாரை நெனச்சுட்டுப் படுத்திருக்க?"

அதற்குப் பதில் என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பதில் சொன்னால் அந்தக் கேள்வி கேட்கத் தகுந்த கேள்வி என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

மகள் விடுதியிலிருந்து போன் செய்தாள். அக்காவுக்கு வேலை அதிகம், உதவிக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். நீங்களும் அதையே சொல்லுங்கள்.

மோட்டார் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ராத்திரி பக்கவாட்டில் படுங்கள். மல்லாந்து படுக்காதீர்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.



மார்ச் 7

தையல்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. ஷெட்டில் வைத்துப் பிரித்தேன். ஈரக் கையோடு பிரித்ததில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. மீதிப் பாதியே போதுமான அளவுக்குச் சுட்டது.

நீ எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். தூக்கக் கலக்கத்தில் வந்த வார்த்தை என்று சொல்லலாமென்று பார்த்தேன். ஆனால் நான்தான் தூங்கவில்லையே, ஆப்பு சாட்சி சொல்லுமே! ஆப்பு என்று தப்பாக எழுதவில்லை. எங்கள் ஷெட்டில் இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். வைத்தது நமக்குத்தானே.

ஒரு வார்த்தை தடித்ததற்கு வீட்டை விட்டுப் போவதா? இத்தனை வருஷத்தில் நான் பேசின நல்ல வார்த்தை ஒன்றுகூடக் கணக்கில் வராதா?

இங்கே நிலவரம் கேள். காலையில் மேனேஜர் அறைக்கு வெளியே வரிசை. நரைத்த மீசைக்காரர்கள் எல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் காட்டும் பிள்ளைகள் மாதிரி நிற்கிறோம். என்னுடையதைப் பார்த்துவிட்டு மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வாளிப் பக்கம் கையைக் காட்டுகிறார். கண்டக்டர்கள் என்னை "கழுவுநர்" என்று கூப்பிடுகிறார்கள்.

அது எழுப்புகிற விதத்தைச் சொல்ல வேண்டுமே. மென்மையாக எழுப்புமாம். முதலில் ஒரு குருவி, அப்புறம் நாலைந்து குருவி, அப்புறம் தண்ணீர் ஓடுகிற சத்தம். எந்தக் குருவிக்கும் நான் எழுந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். எழுந்தால் தலை பாறாங்கல் மாதிரி கனக்கிறது. நேற்று குழாயைப் பிடித்து நின்றபடியே கண் சொக்கிவிட்டது. ஜன்னல் திறந்திருந்த வண்டிக்குள் தண்ணீர் போய் நாலு சீட் நனைந்துவிட்டது. படுத்தால் கட்டை மாதிரி கிடக்கிறேன், அது தூங்கவில்லை என்கிறது. பின்னே அதற்குப் பேர் என்ன?

பக்கவாட்டில் படு என்கிறாய். ஏன் என்று கேட்கவும் கூடாது என்கிறாய். நான் என்ன, சட்டியில் போட்ட மீனா, நீ சொன்ன பக்கம் புரள?

மோட்டாரை மறந்துவிட்டேன். மாடி முழுக்கத் தண்ணீர்.

இப்படிக்கு,
ஓட்டுநர் (தற்சமயம் கழுவுநர்)



மார்ச் 12

மகளின் அப்பாவுக்கு,

நான் தூங்கினேன்.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் கண்ணை மூடினால் திடுக்கென்று விழிப்பு வந்தது. என் முழங்கை தானாகப் பக்கத்தில் போய் இடித்தது. பக்கத்தில் படுத்திருந்தது அக்கா. "ஏண்டி, என் விலா எலும்பு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று காலையில் தைலம் தடவிக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுச் சும்மா சாய்ந்தேன். எழுந்தபோது மறுநாள் வெயில் ஜன்னலுக்கு மேலே ஏறிவிட்டது. அக்கா பயந்துபோய் என் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாளாம். கடையையும் திறக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "இத்தனை வருஷத் தூக்கத்தையும் எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் தூங்குகிறேன். தூங்கத் தூங்கத்தான் எவ்வளவு அசந்துபோயிருக்கிறேன் என்று தெரிகிறது. பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடுகிறது. உடம்பு முழுக்க யாரோ பிழிந்து காயப்போட்ட மாதிரி இருக்கிறது. ஆனாலும் நன்றாக இருக்கிறது.

ஒரு வார்த்தைக்காகவா வீட்டை விட்டுப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தைக்காக இல்லை. அந்த வார்த்தைக்கு முன்னாலேயே நான் களைத்துப்போயிருந்தேன்.

இப்போதைக்கு வருவதாக இல்லை.

பக்கவாட்டில் படுக்கிறீர்களா? மீனுக்குக்கூட அந்த அளவு அறிவு இருக்கிறது.



மார்ச் 16

தையல்காரிக்கு,

நல்ல சேதி. தொண்ணூற்றிரண்டு! தப்பாகப் படித்துவிடாதே, தொண்ணூற்றிரண்டு. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "என்னய்யா பண்ணுன?" என்றார். "மனசு சுத்தமா இருக்குங்க சார்" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் பழைய ராத்திரி வண்டியை எடுக்கிறேன். வாளியை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இன்று சீட்டில் சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நான் இல்லாத நாளில் எந்தக் குட்டையனோ சீட்டை முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறான். சரி பண்ணினேன். வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

நீ அங்கே தூங்குகிறாய், நான் இங்கே தொண்ணூற்றிரண்டு வாங்குகிறேன். இத்தனை காலம் ஒருத்தர் தூக்கத்தை ஒருத்தர் கெடுத்துக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. அப்படியானால் நீ சாவகாசமாகவே வா.

சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். கோபமில்லை.

இப்படிக்கு,
ஓட்டுநர்



மார்ச் 19, வியாழன், இரவு

மகளின் அப்பாவுக்கு,

இதை நீங்கள் படிக்கும்போது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். யார் செய்தது என்றும் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் கையால் எழுதிவிடுகிறேன். நான்தான் செய்தேன்.

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. படித்தவுடன் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் தூக்கத்திலிருந்து எழுந்த ஒரு குரல்.

"யாருங்க?"

"அவரோட வீட்டுக்காரி. நீங்க யாரு?"

"ஷெட்டு வாட்ச்மேன்மா. மெத்தைன்னு சொல்வாங்க. அண்ணனோட போன் என்கிட்டதான் தூங்குது."

"உங்ககிட்ட எதுக்கு?"

"ராத்திரி வண்டிக்குப் போறவங்க மத்தியானம் தூங்கிக் காட்டணும்ல? எனக்கு ராத்திரி பகல்னு பேதமில்ல, படுத்தா தூக்கம்தான். ஆறு பேரு போனு தலகாணியச் சுத்தி வெச்சிருக்கேன். எல்லாருக்கும் நல்ல மார்க்கு." பெருமையாகவே சொன்னார். பாவம், வெள்ளை மனசு.

உங்களைக் கூப்பிடச் சொன்னேன். டீசல் போடப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அடித்தால் எடுக்கவே இல்லை. மறுபடி தூங்கிவிட்டார் போலிருக்கிறது. மணி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கம்பெனி பஸ்ஸில் நான் இங்கே வந்த டிக்கெட் பர்ஸில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் புகார் சொல்ல என்று மேனேஜர் நம்பர் போட்டிருந்தது.

"இன்னிக்கு அவரை வண்டி எடுக்க விடாதீங்க. அவர் தூங்கல, அது வேற ஆளோட தூக்கம்" என்றேன். வேறு யார் பேரையும் நான் சொல்லவில்லை. மெத்தை மாட்டியிருந்தால், மேனேஜராகவே போய் அவர் படுக்கிற அறையைத் திறந்து பார்த்திருப்பார்.

இனி உங்கள் கேள்விக்குப் பதில்.

உங்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது. மல்லாந்து படுத்தால் குறட்டை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று நிற்கும். குறட்டை மட்டுமில்லை, மூச்சும்தான். வீடு அப்படியே அடங்கிவிடும். வெளியே தெருவில் போகிற சைக்கிள் சத்தம்கூடக் கேட்கும். நெஞ்சு ஏறாது, இறங்காது. நான் முழங்கையால் இடிப்பேன். முங்கினவன் தண்ணீருக்கு மேலே வருகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்துத் திரும்பிப் படுப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி மல்லாந்துவிடுவீர்கள். மறுபடியும் அதே கதை. விடியும்வரை.

ஒருதரம் சாப்பிடும்போது சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு, "பார்த்தியா, உங்கம்மா தினம் ராத்திரி என்னைச் சாகடிக்கிறா" என்று மகளிடம் சொன்னீர்கள். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் நான் சொல்லவில்லை, இடிப்பதோடு சரி.

யாரை நினைத்துக்கொண்டு விழித்திருந்தேன் என்று கேட்டீர்கள் அல்லவா.

கோபத்தில் கிளம்பி வந்தபோது, இனி யார் இடிப்பார்கள் என்று நினைக்கவில்லை. வந்த ராத்திரியே நினைப்பு வந்தது. அதனால்தான் அப்படிப் படுங்கள் இப்படிப் படுங்கள் என்று எழுதினேன். படுக்கையில் தூங்காத உடம்பு வேறெங்காவது தூங்கும். குழாயைப் பிடித்துக்கொண்டு தூங்கினால் நாலு சீட் நனையும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்கினால்?

திட்டுவதானால் திட்டுங்கள்.



மார்ச் 22

பஸ்ஸில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் கண்ணாடியைத் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் படியேறி வந்து "எறங்குங்க" என்றார். "ஏன் சார்?" என்றேன். "எறங்குங்கன்னா எறங்குங்க. உங்க வீட்லேர்ந்தே போன் வந்திருச்சு." எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். முன் சீட்டில் இருந்த அம்மா தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, குடித்திருக்கிறானா என்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

ஆறு பேருக்கும் வண்டி இல்லை. மெத்தை அண்ணனை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார்கள். எல்லோரும் கையைக் காலைப் பிடித்து எச்சரிக்கையோடு விட்டிருக்கிறார்கள். ஷெட்டில் யாரும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. டீ வாங்கினால் எனக்கு மட்டும் வருவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்துப் பரிசோதனை செய்துகொண்டு வந்தால்தான் இனி ஸ்டியரிங்கையே தொடலாமாம்.

என்னிடம் சொல்லியிருக்கலாம். மேனேஜரிடம் சொன்னாய்.



மார்ச் 27

உங்களிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்கள்.

பார்சலில் மூன்று பனியன் இருக்கிறது. முதுகுப் பக்கம் பை வைத்துத் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பந்து போட்டிருக்கிறேன். ராத்திரி போட்டுக்கொண்டு படுங்கள். மல்லாந்தால் உறுத்தும், திரும்பிவிடுவீர்கள். துவைக்கும்போது பந்தை எடுத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த அம்மா பிள்ளையை அணைத்துக்கொண்டது உங்களுக்கு அவமானம். எனக்கு அந்தப் பிள்ளை அன்றைக்கு ஊர் போய்ச் சேர்ந்தது போதும்.

இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.



ஏப்ரல் 14

தையல்காரிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். முதல் பாதி கோபம். இரண்டாம் பாதிக்கு என்ன பேர் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலை, நெஞ்சு, கால் என்று ஒரு இடம் விடாமல் ஒயரை ஒட்டினார்கள். விரலில் ஒரு கிளிப். எஞ்சினைப் பிரித்துப் போட்ட வண்டி மாதிரி கிடந்தேன். இதில் எங்கே தூக்கம் வரப்போகிறது என்று நர்ஸிடம் கேட்டேன். கேட்டது மட்டும்தான் ஞாபகம்.

காலையில் டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது என்று ஒரு எண்ணைச் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. "வீட்ல யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். "சொன்னாங்க" என்றேன்.

ராத்திரி எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். நான் படுத்திருக்கிறேன். வாய் பிளந்து கிடக்கிறது. குறட்டை போகிறது, போகிறது, நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்த ஆள் மூச்சு விடுகிற வழியாக இல்லை. விடுடா, விடுடா என்று மனசுக்குள் சொல்கிறேன். கை தானாகப் போய்த் திரையைத் தட்டப் பார்க்கிறது. அவன் மூச்சு விடட்டும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் தோளைத் தொட்டு, "ஐயா, இது ராத்திரி எடுத்தது. இப்ப நல்லாத்தான் இருக்கீங்க. மூச்ச விடுங்க" என்றாள்.

நான் பார்த்தது கொஞ்ச நேரம். இதை நீ பக்கத்தில் படுத்துக்கொண்டு...

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. ஒரு பேச்சுக்காக எழுதவில்லை. கேட்டிருக்கவே கூடாது.

ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். மூக்கில் மூடி, குழாய், காற்று வந்துகொண்டே இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் குட்டி யானை. முதல் நாள் கழற்றி வீசினேன். மூன்றாம் நாள் அதோடு தூங்கினேன். எழுந்தபோது தலை கனக்கவில்லை. ஏதோ ஒன்று குறைகிறதே என்று தேடினேன். அந்தக் கனம்தான்.

ராத்திரி வண்டி இனி எனக்கு இல்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டால் மூன்று மாசம் கழித்துப் பகலில் டவுன் பஸ் தருவார்களாம். அதுவரை ஸ்டோரில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை. அந்த ஆறு பேரில் ஒருத்தன் நேற்று யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தான். "அண்ணே, அந்த ஆஸ்பத்திரி எங்க இருக்கு? என் பொண்டாட்டியும் என்னமோ சொல்லிட்டே இருக்கா" என்றான். எழுதிக் கொடுத்தேன். கையோடு ஒரு டீயும் வாங்கித் தந்தான்.

வீட்டுக்கு வா. இனி யாரையும் இடிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
எந்தப் பேர் போடுவது என்று தெரியாதவன்



ஏப்ரல் 28

மகளின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுந்து பார்த்தபோது நான் இல்லாதது உங்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். சொல்லிக்கொள்ளாமல் வந்தது தப்புத்தான். எழுப்ப மனசு வரவில்லை. அப்படித் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் கூப்பிட்டு வந்தேன். சந்தோஷமாகத்தான் வந்தேன். வீட்டைப் பெருக்கி வைத்திருந்தீர்கள். என் தலையணைக்குப் புது உறை. சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, பரவாயில்லை. மெஷினை மாட்டிக்கொண்டு குட்டி யானை மாதிரி தலையை ஆட்டிக் காட்டினீர்கள். எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தோம்.

அப்புறம் தூங்கிவிட்டீர்கள். குறட்டை இல்லை. மூச்சு போனது, வந்தது, போனது, வந்தது. ஒருதரம்கூட நிற்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? விடியும்வரை கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்காது என்று தெரியும். டாக்டர் சொல்லிவிட்டார், நீங்கள் சொல்லிவிட்டீர்கள், கண்ணாலேயே பார்க்கிறேன். ஆனாலும் கண் மூடவில்லை. உங்களுக்குக் குணமாகிவிட்டது. என் காதுக்கு இன்னும் ஆகவில்லை.

முன்பானால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இப்போது தூக்கம் என்றால் என்னவென்று ருசி கண்டுவிட்டேன். விட முடியவில்லை. இங்கே வந்து படுத்தேன், அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டேன். எழுந்து உட்கார்ந்து அழுதேன்.

இது கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. கொஞ்ச நாள் இங்கேயே இருக்கிறேன். எவ்வளவு நாள் என்று கேட்டால் எனக்கே தெரியாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து போகலாம். அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

மெஷின் குழாயை வாரம் ஒருதரம் கழுவச் சொன்னார்களாமே. கழுவுங்கள். உங்களுக்குத்தான் பழக்கமாயிற்றே.



மே 11

தையல்காரிக்கு,

நேற்று சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பழிக்குப் பழி இல்லை. காரணம் இருக்கிறது.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் எடுத்து வந்தவன் நான். வழியெல்லாம் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. வந்து சேர்ந்தால் நீ கடையில் வெட்டுகிற மேஜைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். அக்கா மாடியில் சமையலில் இருந்தார்கள். நான் ஸ்டோர் கதையை ஆரம்பித்தேன். ஸ்பேனர் கேட்டால் சுத்தியல் எடுத்துக் கொடுத்தேனே, அந்தக் கதை. நீ "ம்" கொட்டிக்கொண்டே துணியில் சாக்பீஸால் கோடு போட்டாய். ஒரு "ம்" வந்தது. அடுத்த "ம்" வரவில்லை. கோபித்துக்கொண்டாயோ என்று எட்டிப் பார்த்தேன்.

அந்தச் சீருடைத் துணிமேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாய்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் படுக்கும்போது விழித்திருப்பாய், எழும்போது விழித்திருப்பாய். உன் கன்னத்தில் ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது. கையில் கத்தரிக்கோல். ஒவ்வொரு விரலாக விலக்கி அதை எடுத்தேன். ஒரு வண்டியை இவ்வளவு பதமாக நான் ரிவர்ஸ் எடுத்ததில்லை.

யாரோ ஒரு அம்மா ரவிக்கை வாங்க வந்தார்கள். வாசலுக்கு ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, நாளைக்கு வாங்க என்று சைகை காட்டி அனுப்பினேன். அக்கா டீயோடு இறங்கி வந்தார்கள். உதட்டில் விரலை வைத்தேன். உன்னைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனார்கள். என் பஸ் போகிற சத்தம் கேட்டது. போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த பஸ்ஸும் போனது.

வெளிச்சம் மங்கியபோது அக்கா உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். எழுப்ப மனசு வரவில்லை.

அவசரமாக வர வேண்டாம். எப்போது வருவாய் என்று இனி கேட்கவும் மாட்டேன். ஞாயிறுதோறும் நான் வருகிறேன். நீ பேசினால் பேசு, தூங்கினால் தூங்கு.

இன்னொன்று. சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். சத்தியமாக யாரிடமும் சொல்ல மாட்டேன், மகளிடம்கூட.

நீ குறட்டை விடுகிறாய். சின்னதாக. நிற்காமல்.